தரையில் தொலைந்துபோவது எப்படி?

முப்பதாயிரம் அடி உயரத்தில் வழி தவறுவது இப்போதெல்லாம் நடக்கிற காரியமில்லை. செயற்கைக்கோள் பார்க்கிறது, ரேடார் பார்க்கிறது, காக்பிட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் பார்க்கிறது. போதாததற்கு, மருமகனை அழைக்க வர வேண்டிய மாமனார்கூட வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி செல்போனில் உங்கள் விமானம் நாக்பூரைத் தாண்டியதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே வழி தவற மனதார ஆசைப்படும் விமானிக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் தரை. இறங்கியபின் ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரை, கிளம்பும்போது நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை. சில கிலோமீட்டர்தான். ஆனால் முறையாகத் தொலைவதற்கு அந்தத் தூரம் தாராளம். கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்கிக் கையில் மை காயாத புதியவர்களுக்காக இந்த யோசனைகள். தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் பொதுவானவை. இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் உலக சராசரியைவிட அதிகம் என்பதால் இந்த உரிமையை ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது நியாயமாகாது.

முதலில் மனநிலையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நம்மில் யாரும் சாலைப் பலகையைப் படித்து வளரவில்லை. பலகை இருக்கும், அதன்மேல் காதணி விழா போஸ்டர் இருக்கும், அதையும் மறைத்துக்கொண்டு ஒரு புளியங்கிளை இருக்கும். நாம் வண்டியை ஓரங்கட்டி டீக்கடையில் கேட்டுக்கொள்வோம். அவரும் கையில் இருக்கும் வடையாலேயே திசை காட்டிவிடுவார். இந்தப் பண்பாட்டை அப்படியே காக்பிட்டுக்குள் எடுத்துவாருங்கள். பலகை என்பது ஊருக்குப் புதியவர்களுக்கு. நமக்கு ஆள் சொன்னால் போதும். விமான நிலையத்தில் மரமும் கிடையாது, போஸ்டரும் கிடையாது, இரவில் ஒவ்வொரு பலகையும் உள்ளே விளக்கு போட்டு மின்னும். இறக்கையும் இன்ஜினும் இடிக்காதபடி முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே குள்ளமாக வைத்திருப்பார்கள். இடித்தாலும் பலகைதான் முறிய வேண்டும் என்று அடிக்காலைப் பலவீனமாகவே செய்திருப்பார்கள். இவ்வளவு அக்கறையோடு வைத்த பலகையைப் பார்க்காமல் போவதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

நிறங்களிலிருந்து தொடங்கலாம். ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதிப்படி, சென்னையானாலும் சிகாகோவானாலும் நிறங்களுக்கு ஒரே பொருள்தான். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் இப்போது நிற்கும் இடம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் என்றால் மற்ற இடங்கள் இருக்கும் திசை. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால், அனுமதி இல்லாமல் இதைத் தாண்டாதே.

தொலைய விரும்புகிறவர்கள் கறுப்புப் பலகையை அறவே தவிர்க்க வேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எப்படித் தொலைவது? பார்வை எப்போதும் மஞ்சள் பலகையிலேயே இருக்கட்டும். அதில் 'பி' என்று ஒரு டாக்ஸிவேயின், அதாவது விமானம் ஊர்ந்து போகும் தரைப் பாதையின், பெயர் போட்டிருந்தால், "பி வந்துவிட்டது" என்று மகிழ்ச்சியோடு அறிவியுங்கள். பி வரவில்லை, அந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் அம்புக்குறி சொல்கிறது. ஆனால் அம்புக்குறியை யார் கேட்டார்கள்?

டாக்ஸிவேக்கள் கூடும் சந்திகளில் இந்தப் பலகைகளை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். இருக்கும் இடத்தைச் சொல்லும் கறுப்புப் பலகை நடுவில். இடப்பக்கம் திரும்பும் பாதைகள் எல்லாம் அதற்கு இடப்புறம், வலப்பக்கம் திரும்புபவை வலப்புறம். ஒவ்வொரு அம்பும் அந்தப் பாதை எந்தச் சாய்வில் பிரிகிறதோ அதே சாய்வில் இருக்கும். லேசாகப் பிரிகிற பாதைக்கு லேசான சாய்வு, பின்னோக்கி வளையும் பாதைக்குப் பின்னோக்கிய அம்பு. ஆக, பலகை வரிசை என்பது எதிரே இருக்கும் சந்தியின் படமேதான். அதை அப்படி ஒரு படமாகப் பார்த்துவிட்டால் வழி தவற வாய்ப்பே இல்லாமல் போய்விடும். எழுத்தெழுத்தாக, இடமிருந்து வலமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலப் படியுங்கள். படித்து முடிப்பதற்குள் சந்தி தாண்டியிருக்கும். ஏர்பஸ் ஏ320-க்கு ரிவர்ஸ் கியர் இல்லை என்பதும், தவறான பாதையில் போய் முட்டி நின்றால் இழுவை வண்டி வந்துதான் பின்னால் தள்ள வேண்டும் என்பதும், உங்களுக்குப் பின்னால் வரும் ஐந்து விமானங்களும் அதுவரை நின்று பெட்ரோல்... மன்னிக்கவும், ஜெட் எரிபொருள் எரித்துக்கொண்டிருக்கும் என்பதும் பிற்பாடு தெரியவரும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்ஸிவேக்களுக்கு ஆங்கில எழுத்துகள் பெயர். கிளைகளுக்கு எழுத்தோடு எண்ணும் சேரும், ஏ1, ஏ2 என்று. ஐ, ஓ, எக்ஸ் ஆகிய மூன்றுக்கும் இந்த ஊரில் வீடு கிடையாது. ஐ ஒன்றைப் போலவும் ஓ பூஜ்யத்தைப் போலவும் தெரியும். எக்ஸ் என்பது மூடப்பட்ட பாதையின் மேல் வரையும் குறி. வெறும் எண் மட்டும் தெரிந்தால் அது ஓடுபாதை, வேறெதுவும் இல்லை. நம்மில் பலர் பயிற்சிக்குப் போகும் அமெரிக்காவில் இதற்குள் இன்னொரு குழப்பத்தையும் இலவசமாகத் தருவார்கள்: ஓடுபாதை ஓரத்தில் கறுப்புப் பலகையில் வெள்ளையாக '4' என்று மட்டும் இருக்கும். இருக்கும் இடத்தின் பெயர் நான்கு என்று எடுத்துக்கொள்ளலாம். பாதை முடிய இன்னும் நாலாயிரம் அடிதான் மிச்சம் என்பது அதன் அர்த்தம். பிரேக் பிடிக்கிற நேரத்தில் இது சுவாரஸ்யமான வித்தியாசம்.

இனி தரைக் கட்டுப்பாட்டாளர். விமானம் தரையில் எப்படிப் போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிறவர். பெரிய நிலையங்களில் அவர் ஒரே மூச்சில் ஏழெட்டு டாக்ஸிவே பெயர்களையும், எந்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லி முடித்து, நீங்கள் "ம்" என்பதற்குள் வேறொருவரிடம் பேசப் போய்விடுவார். இதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் சில கோழைகளிடம் உண்டு. உங்களுக்கு எதற்குப் பேனா? பத்தாம் வகுப்பில் நானூற்றி எண்பது வாங்கியவர் நீங்கள். கேட்டதும் "ரோஜர்" என்று சொல்லிவிடுங்கள். ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான். புரிந்ததா, செய்வோமா என்பதெல்லாம் அதில் அடங்காது. ஓடுபாதைக்கு முன்னால் நில், ஓடுபாதையைக் கடக்கலாம் என்பன போன்ற கட்டளைகளை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இருப்பதே இந்த ரோஜரை ஒழிக்கத்தான்.

பக்கத்து இருக்கையிலிருந்து, "சார், நாம சார்லியில திரும்பணும்னு சொன்னாங்க இல்ல?" என்று துணை விமானி மெதுவாகக் கேட்கக்கூடும். சார்லி என்பது சி என்ற எழுத்துக்கு ரேடியோவில் சொல்லும் பெயர். அவர் மடியில் விமான நிலையத்தின் வரைபடம் ஐபேடில் திறந்திருக்கும். விமானிகள் முன்பு குழம்பிய சந்திகளை அதில் வட்டம் போட்டு ஹாட் ஸ்பாட் என்று குறித்தும் வைத்திருப்பார்கள். மூத்த கேப்டனாகத் தொலைய விரும்புகிறவர் இந்த இடத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒரு பார்வை போதும். இருபது வருட அனுபவம் அந்தப் பார்வையில் தெரிந்தால் துணை விமானி ஐபேடை மூடிவிடுவார்.

ஓடுபாதை எண்களுக்கு வருவோம். இது ஆழமான பகுதி, எனக்குப் பிடித்த பகுதியும்கூட. எண்கள் வரிசை எண்கள் அல்ல. சென்னையில் 25 என்று ஒரு ஓடுபாதை இருப்பதால் அதற்கு முன்னால் இருபத்து நான்கு இருக்கிறது என்று யாரும் பெருமைப்பட வேண்டியதில்லை. காந்த திசைகாட்டி காட்டும் பாகையைப் பத்தால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் ஓடுபாதையின் எண். பறங்கிமலைப் பக்கமிருந்து தென்மேற்கு நோக்கி இறங்குகிறவருக்குத் திசைகாட்டியில் ஏறக்குறைய 250, ஆகவே 25. அதே தார்ப்பாதையில் எதிர்முனையிலிருந்து வடகிழக்கு நோக்கிப் போனால் 070, ஆகவே 07. இரண்டுக்கும் எப்போதும் பதினெட்டு வித்தியாசம். மதுரையிலும் திருச்சியிலும் 09-27, அதாவது நேர் கிழக்கு மேற்கை ஒட்டி. கோவையில் 05-23. சென்னையின் இன்னொரு பாதை 12-30. முதல் பாதையை அது குறுக்கே வெட்டுகிறது.

இந்தக் கணக்கு பூமிக்குத் தெரியாது. காந்த வடக்கு சும்மா இருப்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் இருந்த இடத்திலேயே இருக்கும் ஓடுபாதைக்கு ஒருநாள் பெயர் மாறிவிடும். லண்டனை ஒட்டிய ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 05-23 என்றிருந்தது 2009-ல் 04-22 ஆனது. 2011-ல் அமெரிக்காவின் டாம்பாவிலும் இதே கதை: தரையில் வெள்ளை வர்ணத்தைச் சுரண்டி வேறு எண் எழுதினார்கள், பலகைகளை மாற்றினார்கள், வரைபடங்களைத் திரும்ப அச்சடித்தார்கள். பாதைகள் இணையாக இருந்தால் எண்ணோடு இடது, வலது, நடு என்று சேர்த்துக்கொள்வார்கள். அட்லாண்டாவில் இணையாக ஐந்து இருக்கின்றன. இடது வலதெல்லாம் தீர்ந்துபோனதால் ஒரே திசை காட்டும் பாதைகளுக்கே 8, 9, 10 என்று மூன்று எண்களைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பொய்தான், ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட பொய்.

இப்போது சிவப்புப் பலகை முன்னால் வந்து நில்லுங்கள். அதில் '07-25' என்று இருக்கிறது. பெரும்பாலான புதியவர்கள் என்ன நினைப்பார்கள்? இடது பக்கம் திரும்பினால் 07, வலது பக்கம் திரும்பினால் 25. மிகவும் நல்லது, இந்த எண்ணத்தைக் கைவிடாதீர்கள். பலகை சொல்வதோ வேறு: 07-இன் தொடக்க முனை உங்கள் இடப்புறம் இருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் அந்த முனையை நோக்கித்தான் போவீர்கள். அப்போது விமானத்தின் மூக்கு 250 பாகையில் இருக்கும். அதாவது நீங்கள் 25-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். நடுவிலிருந்தே 07-இல் கிளம்ப அனுமதி வாங்கிய ஒருவர் அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் அரை நிமிடத்தில் விளங்கும். ஆனால் பேனா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோமே.

எண் என்பது திசையாகவே இருப்பதால் ஒரு பெரிய வசதி உண்டு. ஓடுபாதையில் ஏறி நேராக நின்றதும் திசைகாட்டியை ஒருமுறை பார்த்தால் போதும், சரியான பாதையில் நிற்கிறோமா என்று அதுவே சொல்லிவிடும். 2006 ஆகஸ்ட் 27 விடிவதற்கு முன்னால், அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஒரு காமேர் விமானம் 22 என்ற பாதையில் கிளம்ப வேண்டியிருந்தது. அது 7,003 அடி நீளம். விமானம் திரும்பியது 26-இல். அது 3,500 அடி. திசைகாட்டியில் நாற்பது பாகை வித்தியாசம் இருந்தது. பாதை முடிந்துபோனது, ஐம்பது பேரில் துணை விமானி ஒருவர் மட்டும் பிழைத்தார். இதற்கு என்னால் கிண்டலாக யோசனை எதுவும் எழுத முடியவில்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

சிவப்புப் பலகைக்கு நேராகத் தரையில் மஞ்சளில் நான்கு கோடுகள் குறுக்கே ஓடும். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. பெரிய ஓடுபாதைகளில் இது பெரும்பாலும் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி இருக்கும். உங்கள் பக்கம் முழுக்கோடு இருந்தால் அனுமதி கிடைக்கும்வரை நிற்க வேண்டும். உங்கள் பக்கம் விட்டுவிட்டு இருந்தால் நீங்கள் ஓடுபாதைக்குள் இருக்கிறீர்கள், தாராளமாக வெளியே வரலாம். உள்ளே நுழைய ஒரு மனசும் வெளியேற இன்னொரு மனசும் உள்ள கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சோம்பேறிகள், மூக்கு கோட்டைத் தாண்டியதும் "ஓடுபாதையை விட்டு வெளியேறிவிட்டேன்" என்று கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரிடம் அறிவித்து, வால் இன்னும் உள்ளே இருக்க அங்கேயே பிரேக் போட்டு நிற்பார்கள். பின்னால் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அது நல்ல பரிசு. ஏணியைப் படுக்க வைத்தது போல இன்னொரு கோடும் சில இடங்களில் சற்று முன்னதாகவே வரும். பனிமூட்டத்தில் கருவியை நம்பி இறங்கும் விமானங்களின் ரேடியோ அலையை உங்கள் இறக்கை கலைத்துவிடாமல் இருக்க, அப்படிப்பட்ட நாட்களில் அங்கேயே நில் என்பதற்காக.

இதற்கும் மேல் காவலுக்கு விளக்குகள். பலகைக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டும். தரையில் குறுக்கே பதித்த சிவப்பு விளக்கு வரிசைக்கு ஸ்டாப் பார் என்று பெயர். அனுமதி தந்ததும் அதை அணைத்து, பச்சை விளக்குகளைப் பாதை காட்ட எரியவிடுவார்கள். விதி இதில் கொஞ்சமும் இளகாது: சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் டவரே "போ" என்று சொன்னாலும் போகக்கூடாது, நின்று திருப்பிக் கேட்க வேண்டும். வாய் ஒன்று சொல்லி விளக்கு வேறொன்று சொன்னால் விளக்குதான் ஜெயிக்கும். பெரிய அதிகாரியின் வாய்மொழி உத்தரவுக்கு முன்னால் எழுதிவைத்த விதி தோற்றுப்போவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது ஜீரணமாகக் கொஞ்சம் நாளாகும்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹானெடாவில் கடலோரக் காவல்படையின் சிறிய விமானத்துக்கு, "நீங்கள் முதலாவது, சி5 நிறுத்தக் கோடு வரை வாருங்கள்" என்று சொல்லப்பட்டது. புறப்படும் வரிசையில் முதலாவது என்பதுதான் பொருள். விமானமோ கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போய் நின்றது. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதி எரிந்தது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறியதில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். அங்கே அன்று ஸ்டாப் பார் விளக்குகள் பராமரிப்பில் இருந்தன, எரியவில்லை. விபத்துக்குப் பின் "முதலாவது" என்று வரிசையைச் சொல்வதையே அங்கே நிறுத்திவைத்தார்கள்.

இத்தாலியின் லினாட்டே விமான நிலையத்தில் நடந்ததுதான் எனக்கு இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியமாகத் தோன்றுகிறது. 2001 அக்டோபர் 8, மிலான் நகரில் அடர்ந்த மூடுபனி. ஒரு சிறிய செஸ்னா ஜெட்டை ஆர்5 என்ற டாக்ஸிவே வழியாக வரச் சொன்னார்கள்; அது ஆர்6-இல் போனது. நடுவில் விமானி, தரையில் பார்த்த எஸ்4 என்ற குறியைச் சொல்லித் தன் இடத்தை ஒழுங்காகவே அறிவித்தார். கட்டுப்பாட்டாளரிடம் இருந்த வரைபடத்தில் அப்படி ஒரு குறியே இல்லை. தரை ரேடார் வேலை செய்யவில்லை. பலகைகளும் கோடுகளும் விதிப்படி இல்லை. அந்த ஜெட் ஓடுபாதையைக் கடந்த நேரத்தில், புறப்பட்டு ஓடிவந்த ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. 118 பேர். பலகையைப் படிக்காத விமானியைக் கிண்டல் செய்துகொண்டே ஒரு கட்டுரை எழுதிவிடலாம்; படிக்கும்படியாகப் பலகை வைக்காத நிலையத்தை என்ன செய்வது? 1977-இல் 583 பேர் இறந்த டெனெரிஃப் விபத்திலும், பனிமூட்டத்தில் "மூன்றாவது வழியில் வெளியேறு" என்று கேட்ட பான் ஆம் விமானி, பலகையே இல்லாத வழிகளை எண்ணிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

இரவு வேலைக்காரர்களுக்குச் சில குறிப்புகள். நீல விளக்கு டாக்ஸிவேயின் ஓரம். பச்சை அதன் நடுக்கோடு. வெள்ளை, ஓடுபாதையின் ஓரமும் நடுவும். ஓடுபாதை முடியும் நேரத்தில் ஓர விளக்குகள் கடைசி 600 மீட்டருக்கு மஞ்சளாகும். நடுக்கோட்டு விளக்குகள் கடைசி 900 மீட்டரில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்து, கடைசி 300 மீட்டரில் முழுக்கச் சிவப்பாகிவிடும். அழகாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்காமல் வரலாம், அதிக நேரம் ரசிக்க முடியாது.

எந்த நிறமானாலும் விளக்கு விளக்குதானே என்று பரந்த மனதோடு இறங்குவதற்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்ட், கலிஃபோர்னியாவில் தன் சிறு விமானத்தை, அதுவும் பட்டப்பகலில், ஓடுபாதைக்குப் பதிலாக டாக்ஸிவேயில் இறக்கினார். அங்கே காத்திருந்த ஒரு போயிங் 737-இன் தலைக்கு மேலாக வந்து. அதே ஆண்டு ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது இதைவிடப் பயங்கரம். இரண்டு இணைப் பாதைகளில் ஒன்றை அன்றிரவு மூடி விளக்கை அணைத்திருந்தார்கள். வந்த ஏர் கனடா விமானி எப்போதும் போல இரண்டு பாதைகளைத் தேடினார், இரண்டு தெரிந்தன. இரண்டாவது பாதை பச்சை விளக்கோடு இருந்த டாக்ஸிவே. அதில் ஆள் நிறைந்த நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. தரையிலிருந்து சுமார் அறுபது அடிக்கு வந்துவிட்ட பிறகுதான் அவர் மேலே எழும்பினார்.

மேற்படிப்பு என்று ஒன்று உண்டு, அது விமான நிலையத்தையே மாற்றி இறங்குவது. பம்பாய் இதில் பெயர் பெற்றது. சாந்தாகுரூஸுக்கு வர வேண்டிய, பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்துக் காமெட் ஜெட் 1953-இல் பக்கத்திலிருந்த சின்ன ஜூஹூ நிலையத்தில் இறங்கியது. பாரத்தைக் குறைத்துச் சில நாள் கழித்துப் பறக்கவைத்துக் கொண்டுபோனார்கள். 1972-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 ஒன்று அதையே செய்தது, ஆனால் அது திரும்பப் பறக்கவில்லை. லண்டனில் ஹீத்ரோவுக்குப் பதில் நார்த்தோல்ட்டில் ஒரு பான் ஆம் 707 இறங்கியது 1960-இல். இரண்டு நிலையங்களின் வழியிலும் ஒவ்வொரு ராட்சத எரிவாயுத் தொட்டி இருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். அதற்கு ஆங்கிலேயர்கள் கண்ட பரிகாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சவுத்தால் தொட்டியின் மேல் ஹீத்ரோவைக் குறிக்கும் எல்.ஹெச். என்ற எழுத்துகளையும், ஹாரோவிலிருந்த தொட்டியின் மேல் நார்த்தோல்ட்டின் முதல் இரண்டு எழுத்துகளான என்.ஓ. என்பதையும் வானத்திலிருந்து தெரியும்படி பிரம்மாண்டமாக எழுதினார்கள். பெரிய ஜெட்டை ஓட்டிக்கொண்டு தவறான தொட்டிக்கு வந்தவர், இரண்டெழுத்தையும் சேர்த்துப் படித்தாலும் சரியான அறிவுரையே கிடைத்தது.

இத்தனையும் செய்து தொலைந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கறுப்புப் பலகையில் எதிர்பாராத எழுத்து, வெளியே மழை, ரேடியோவில் பரபரப்பு. இப்போது இரண்டு வழி. ஒன்று, நின்றுவிட்டு, "எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்று டவரிடம் சொல்வது. ஏற்கெனவே ஓடுபாதைக்குள் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு உடனே வெளியேறுவது. கட்டுப்பாட்டாளர் திட்ட மாட்டார், மற்றவர்களை நிறுத்திவைப்பார், அடுத்த திருப்பம் எது, அதற்கடுத்தது எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். இல்லாவிட்டால் 'என்னைப் பின்தொடர்' என்று முதுகில் எழுதிய மஞ்சள் ஜீப்பை அனுப்புவார். முந்நூறு பயணிகளின் கண்ணெதிரில் ஒரு ஜீப்பின் பின்னால் ஊர்ந்து போவது ஆண்டுக்கணக்கில் சேர்த்த கௌரவத்துக்கு ஏற்றதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பயணிகளுக்கு அந்த ஜீப் எதற்கு வருகிறது என்று தெரியாது, அது வேறு விஷயம். இரண்டாவது வழி, ஒன்றும் நடக்காதது போல அதே வேகத்தில் தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பது. எங்காவது ஒரு சிவப்புப் பலகை வரும். அதையும் தாண்டினால் உங்கள் கதை விசாரணை அறிக்கையில் ஏறும்.

அமெரிக்காவாக இருந்தால் அந்த இடத்தில் டவர் ரொம்ப மரியாதையாகப் பேசும். விதிமீறல் நடந்திருக்கக் கூடும் என்று சொல்லி, ஒரு தொலைபேசி எண் தர வேண்டும், குறித்துக்கொள்ளத் தயாரா என்று கேட்கும். அப்போது காக்பிட்டில் இரண்டு பேருமாகப் பேனாவைத் தேடுவீர்கள்.